ஸுஸ்மான் கடை இன்று எந்தத் தெருவில்

மொன்றியல் நகரத்தில் பனி இடுப்பளவு கிடந்த ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்கு, கார் ஓட்டப் பழக்கும் ஆசிரியரான யாங்கெல் வழக்கம்போல அடுப்பு மூட்டுவதற்காக பெர்னார்ட் தெருவுக்கு வந்தபோது, ஸுஸ்மான் கடை அங்கே இல்லை. எரிந்துபோகவில்லை, இடிந்துபோகவில்லை, யாரும் பூட்டிச் சீல் வைக்கவுமில்லை, இல்லை, அவ்வளவுதான். அதன் இடப்பக்கத்து மருந்துக்கடையும் வலப்பக்கத்துத் தொப்பிக்கடையும், நடுவில் எக்காலத்திலும் எதுவும் இருந்ததில்லை என்பதுபோலச் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. யாங்கெல் முந்தின நாள் வெங்காயம் வதங்கிய வாசனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சந்து நடந்தார். ஹட்சிசன் தெருவில், இரண்டு மாடிவீடுகளின் வெளிப்படிக்கட்டுகளுக்கு இடையில், நேற்றுவரை ஓர் ஆள் ஒருக்களித்துப் போகக்கூட இடமில்லாத இடத்தில், கடை தன் பச்சைக் கதவோடும் ஏழு மேசைகளோடும் நின்றது. அவர் கதவைத் திறந்து அடுப்பை மூட்டிவிட்டு, முதலாளிக்குத் தொலைபேசி எடுத்து, இன்றைக்கு ஹட்சிசனில் இருக்கிறோம், வரும்போது உப்பு வாங்கி வாருங்கள் என்றார்.

முதலாளி என்றால் ஸுஸ்மான் அல்ல. ஸுஸ்மான் நான்கு வருடங்களுக்கு முன்பே குளிருக்குத் தோற்று, ஃப்ளோரிடாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடையை வாங்கியவர்கள் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியைச் சேர்ந்த கனகசூரியமும் அவர் மனைவி யோகாம்பிகையும். யோகாம்பிகை அந்த அடுப்படியில் ஏழு வருடம் கோப்பை கழுவி, எட்டு வருடம் ஸுஸ்மானின் பக்கத்தில் நின்று சமைத்து, அவருக்கு மறந்துபோன பக்குவங்களையும் தான் நினைவில் வைத்திருந்தவள். அவர் போகும்போது சாவியை அவள் கையில்தான் கொடுத்தார். இருந்த வீட்டை விற்று வாங்கிய கடை. பெயர்ப்பலகையை மாற்றவில்லை, பட்டியலை மாற்றவில்லை, காளான் சூப்பில் ஒரு மிளகைக் கூட்டவில்லை.

அது கோஷர் கடை, அதாவது யூதர்களின் உணவு விதிக்கு உட்பட்டது. அந்த விதியில் இறைச்சியும் பாலும் ஒரு சட்டியில் சேரக்கூடாது என்பதால், இப்படிப்பட்ட உணவகம் இறைச்சி சமைக்கும், அல்லது பாலும் பாலாடைக்கட்டியும் மீனும் சமைக்கும். ஸுஸ்மான் கடை பால் பக்கம். சமைப்பவர் யூதரல்லாதவரானால் அடுப்பையாவது யூதர் ஒருவர் மூட்டிக் கொடுக்கவேண்டும் என்பதும் விதி. அதற்குத்தான் யாங்கெல், அதற்குக் கூலி ஒரு கோப்பி, ஒரு முட்டை பேகல் என்ற வளைய ரொட்டி. எல்லாவற்றுக்கும் மேலே சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கவேண்டும். அது தொங்காவிட்டால் அந்தப் பகுதி ஆட்கள் ஒரு துணுக்கு ரொட்டிகூட வாயில் வைக்கமாட்டார்கள், நாற்பது வருடப் பழக்கமானாலும் சரி.

மறுநாள் கடை துரோஷே தெருவில் இருந்தது. அதற்கு மறுநாள் பார்க் அவெனியூவில். ஒரு வாரம் கழித்து நாலு கிலோமீற்றர் தள்ளி ஸ்னோடன் பகுதியில், அங்குள்ள யூதர்கள் இதை வெகுநாளாகத் தங்களுக்கு வரவேண்டிய நியாயம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஏன் நகர்கிறது என்று முதல் வாரம் சிலர் கேட்டார்கள். இரண்டாம் வாரம் எவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதைவிட அவசரமான கேள்விகள் வந்துவிட்டன. சுவரில் தொங்கும் சான்றிதழ் புது இடத்தில் செல்லுமா என்பது முதலாவது. சான்றிதழ் தொங்குவது சுவரில், சுவரும் கூடவே வந்திருக்கிறது, ஆகவே செல்லும் என்று யூத மதகுருமாரான ரபிகள் மூன்று பேர் கூடித் தீர்த்தார்கள். ஓய்வுநாளான சனிக்கிழமையில் நகர்ந்தால் பாவம் யார் தலையில் என்பது இரண்டாவது. ஆனால் கடை சனிக்கிழமை நகரவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சூரியன் அஸ்தமிக்கும்போது எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும், மறுநாள் முழுவதும் பூங்காவின் சறுக்கு மைதானத்து நடுவில், பனிக்கட்டியின் மேல், அசையாமல் நின்றது. பிள்ளைகள் அதைச் சுற்றிச் சறுக்கினார்கள். முதலாளிகள் முருக பக்தர்களாக இருந்தாலும் கடை ஒழுங்கான யூதக் கடை என்று ரபிகள் மெச்சிக்கொண்டார்கள்.

நகரசபைக்காரர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள். பனி அள்ளும் நாட்களில் தெருவின் ஒரு பக்கத்தை வெறுமையாக விடவேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். கடை அது தெரியாமல் தப்பான பக்கத்தில் இரண்டு தடவை நின்று, கதவுக் கைப்பிடியில் செருகிய தண்டச் சீட்டோடு அடுத்த தெருவுக்குப் போனது. ஹட்சிசன் தெருவில் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி, தன் படுக்கையறைச் சுவருக்கு வெளியே திடீரென ஓர் உணவகம் முளைத்ததற்கு ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை, வெங்காய வாசனைக்கு மட்டும் சொன்னாள். பிறகு ஒரு கிண்ணம் சூப் வாங்கிக் குடித்துவிட்டு அதையும் வாபஸ் வாங்கினாள். வீடு வாடகைக்கு விடுவோர் விளம்பரத்தில் 'சில நாட்களில் ஸுஸ்மான் கடைக்கு அருகில்' என்று போடத் தொடங்கினார்கள். நியூயோர்க்கிலிருந்து வந்து கோஷர் சாப்பாடு தேடி அலைந்த ஒரு குடும்பம், சாப்பாடு அருமை என்று கேள்விப்பட்டோம், கடையைக் காணவில்லை, மறுபடி வருவோம் என்று இணையத்தில் எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. ஒரு புதன்கிழமை கடை போய் ஹெர்ஷல் புளூமின் இறைச்சி உணவகத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. இறைச்சி உண்டவர் ஆறு மணி நேரம் பாலைத் தொடக்கூடாது. புளூமிடம் வயிறு முட்டத் தின்று வெளியே வந்தவர்கள் ஸுஸ்மான் கடைக் கண்ணாடிக்குள் இருந்த சீஸ் கேக்கைப் பார்த்தபடி, கைக்கடிகாரத்தையும் பார்த்தபடி, மாலைவரை வரிசையாக நின்றார்கள். புளூம் அவர்களை மன்னிக்கவில்லை.

கடையைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு முறையும் வந்தது. காலைத் தொழுகைக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். தொழுகை முடிந்ததும் அந்தப் பத்துப் பேரும் பத்துத் தெருவால் நடப்பார்கள். கண்டவர் யாங்கெலுக்குச் சொல்வார். யாங்கெல் ஒரு தொலைபேசி இலக்கத்தில் தன் குரலைப் பதிந்து வைப்பார். அந்த இலக்கத்தை அழைத்தால், இன்று கெர்ப் தெரு, பல்வைத்தியருக்கும் தையற்காரிக்கும் நடுவில், சூப் காளான், என்று அவர் மூக்கடைத்த குரலில் சொல்வது கேட்கும். சித்திரை மாதத்தில் அந்த வட்டாரத்தில் அந்த இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லாத ஆள் இல்லை. அதை அழைக்கக்கூடாத ஆள் ஒருவர் மட்டும் இருந்தார்.

அவர்தான் ரபி ஃபிஷல், சான்றிதழ் கொடுக்கும் சபையின் மேற்பார்வையாளர். சான்றிதழை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்கும் முன் அவர் ஒரு தடவையாவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து அடுப்படியைப் பார்த்திருக்க வேண்டும். வரப்போவது தெரிந்தால் எந்த அடுப்படியும் சுத்தமாகிவிடும், ஆகவே தெரிந்த வருகை வருகையே அல்ல. ரபி ஃபிஷல் இருபத்திரண்டு வருடங்களாக இந்த வேலையை ஒரு வாத்தியக்காரரின் பெருமையோடு செய்துவந்தார். பின்வாசலால் வந்தார், புயலில் வந்தார், வந்து போன கால்மணி நேரத்தில் திரும்பவும் வந்தார். ஒரு தடவைகூட ஒருவரும் அவரை எதிர்பார்த்திருந்ததில்லை. இப்போது ஸுஸ்மான் கடையின் சான்றிதழ் வைகாசியில் வரும் ஷாவுவோத் பண்டிகைக்கு முந்தின நாள் சூரிய அஸ்தமனத்தோடு காலாவதியாகிறது, அந்தக் கடையோ அவர் செய்துவந்ததையே அவருக்குச் செய்துகொண்டிருந்தது.

அவர் யாரிடமும் வழி கேட்கமுடியாது. கேட்டால் கேட்ட செய்தி அவருக்கு முன்னே அடுப்படிக்குப் போய்விடும். யாரும் அவருக்குச் சொல்லவும் முடியாது. சொன்னவர் கடைக்கும் சொல்லியிருக்கமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆகவே கடை எங்கே என்று தெரிந்த ஐயாயிரம் பேர், தெரியாத ஒரே மனிதரைக் கண்டால், பக்தியின் காரணமாகத் தெருவின் மறுபக்கம் போனார்கள். கையிலிருந்த ஸுஸ்மான் கடைக் கோப்பிக் கோப்பையைக் கோட்டுக்குள் ஒளித்து நெஞ்சைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. ரபி ஃபிஷல் பனி கரையும்வரை நடந்தார், கரைந்த பிறகும் நடந்தார். ஒரு முறை பொறுக்கமாட்டாமல் யாங்கெலின் இலக்கத்தை அழைத்து, மணி ஒரு தரம் அடித்ததும் வைத்துவிட்டு, அன்று முழுவதும் உபவாசம் இருந்தார். தேடிப் போகும் வழியில் மற்ற உணவகங்கள் குறுக்கிட்டன, குறுக்கிட்ட பாவத்துக்கு அவற்றைப் பரிசோதித்தார். ஹெர்ஷல் புளூமின் அடுப்படியை மட்டும் இரண்டு மாதத்தில் பதினாலு தடவை. பதினைந்தாம் தடவை புளூம் கோழியை வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு யாங்கெலிடம் வந்து, அந்த மனுசருக்கு ஏதாவது ஜாடையாவது காட்டக்கூடாதா என்று கெஞ்சினார். யாங்கெல், ஜாடையும் ஒரு மொழிதான் என்று மறுத்துவிட்டார்.

கனகசூரியம் சபைக்குத் தொலைபேசி எடுத்து, திடீர் வருகைக்கு ஒரு நாள் குறித்துத் தரமுடியுமா என்று கேட்டார். எதிர்முனையில் இருந்தவர், மன்னிக்கவும், கேள்வியைத் திரும்பச் சொல்லுங்கள் என்றார். பிறகு கனகசூரியம் பெரிய சங்கிலியும் பூட்டும் வாங்கி, கடையின் கதவை ஒரு விளக்குக் கம்பத்தோடு பூட்டினார். மறுநாள் கடை கெர்ப் தெருவில் நின்றது, விளக்குக் கம்பமும் பக்கத்தில் நின்று, பகல் வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதன் பிறகு அவர் முருகன் கோயிலுக்குப் போய், கடை ஓரிடத்தில் நின்றால் காவடி எடுப்பதாக நேர்ந்துவிட்டு வந்தார். யோகாம்பிகைக்கு அது பிடிக்கவில்லை.

"கடை நிக்கிறதுக்கு ஏன் நேருறியள்? அது தன்ர பாட்டில போகட்டும். அந்த மனுசன் வாறதுக்கெல்லோ நேரவேணும்."

"நேர்த்தி வைச்சு அவர் வந்தால், அது சொல்லி அழைச்ச மாதிரிப் போயிடும்" என்றார் கனகசூரியம்.

மூன்று மாதத்தில் அவரும் ஒரு ரபிபோலப் பேசத் தொடங்கிவிட்டார் என்பது யோகாம்பிகைக்கு விளங்கியது. இரவில் அவள் நித்திரை கொள்ளவில்லை. ஷாவுவோத் பண்டிகை பால் பண்டங்களின் பண்டிகை. அந்த இரண்டு நாளும் வீட்டுக்கு வீடு சீஸ் கேக்கும், மெல்லிய தோசைபோன்ற அடைக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய பிளின்ட்ஸும் வேண்டும். முந்நூறு கேக்குக்கு ஆட்கள் சொல்லிவைத்திருந்தார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் முந்நூறும் குப்பை, பிறகு கடையும் குப்பை, பத்தொன்பது வருடம் அந்த அடுப்படியில் நின்ற கால்களுக்குப் போக வேறிடம் இல்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை, பத்து ஆண்களும் பத்துத் தெருவால் போய், ஒன்பது பேர் வெறுங்கையோடு வந்தார்கள். பத்தாவது ஆள் ஓடி வந்தார், அவருக்கு மூச்சு வாங்கியது. கடை ரபி ஃபிஷலின் வீட்டுக்குப் பின்னால் நின்றது. பின்னால் என்றால் தள்ளி அல்ல. அவருடைய பின்கதவைத் திறந்தால் நேரே ஸுஸ்மான் கடையின் அடுப்படிக்குள்தான் கால் வைக்கவேண்டும், அப்படி ஒட்டிக்கொண்டு நின்றது. முன்வாசல் பின்சந்தைப் பார்த்திருந்தது. யாங்கெல் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போய் அடுப்பை மூட்டினார். யோகாம்பிகை மாவைச் சத்தமில்லாமல் அடித்தாள். அன்று தொலைபேசி இலக்கத்தில் யாங்கெலின் குரல், இன்று எங்கே என்று சொல்லமுடியாது, ஆனால் மெதுவாக வாருங்கள், என்றது.

பத்து மணியளவில் பின்கதவு திறந்தது. ரபி ஃபிஷல் வீட்டுச் செருப்போடும் கையில் குப்பைப் பையோடும் அடுப்படிக்குள் வந்து நின்றார். மூன்று மாதமாகத் தேடிய கடையின் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கனகசூரியம் இரண்டு கையையும் கூப்பி, வாருங்கள், வாருங்கள், உங்களைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம், என்று ஆங்கிலத்தில் வரவேற்றார்.

யாங்கெல் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் வரவில்லை" என்றார் ரபி ஃபிஷல். "நான் குப்பை கொட்டப் புறப்பட்டேன். நீங்களும் என்னை எதிர்பார்த்திருக்கிறீர்கள். இதை வருகை என்று எழுதினால் என் கை பொய் எழுதிய கை."

பிறகு வந்த வழியே திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு அந்தக் கதவு பதினொன்றரைக்கு ஒருமுறை நாலு விரல் அகலம் திறந்தது. கனகசூரியம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவு மூடியது. ஒன்றரைக்குத் திறந்தது, அவர் பார்த்துக்கொண்டு நின்றார், மூடியது. மூன்றேகாலுக்கு அவர் பார்க்காததுபோலச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் அவருடைய காது பார்த்துக்கொண்டிருந்தது, ரபிக்கு அது தெரிந்தது. எந்த நிமிடமும் வரலாம் என்று எதிர்பார்க்கப்படும் ஒருவர் எந்த நிமிடத்தில் எதிர்பாராமல் வரமுடியும் என்பதைப் பின்சந்தில் கூடிய கூட்டம் விவாதித்தது. முந்நூறு வீட்டின் ஆட்களும் அங்கே நின்றார்கள், அடுக்கிய கேக் பெட்டிகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள், ஒன்றையும் தொடவில்லை. சூரியன் எட்டரை மணிக்கு இறங்கும் காலம் அது. ஒரு பக்கத்தார், கடைக்காரர்களைக் கொஞ்ச நேரம் தூங்கவைத்தால் என்ன என்றார்கள். மறு பக்கத்தார், தூங்கவைப்பதே ஓர் அறிவிப்பு என்றார்கள். ஹெர்ஷல் புளூமும் வந்திருந்தார். ரபி இன்றைக்கு இங்கே கையெழுத்து வைக்காவிட்டால் வருடம் முழுவதும் என் கடையில்தான் வந்து நிற்பார் என்று சொல்லி, ஒரு பக்கமும் சேராமல் ஓர் ஓரத்தில் நின்று தொழுதார்.

ஆறு மணிக்கு யோகாம்பிகை கணவனிடம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் வெளியில போய் நில்லுங்கோ. உங்கட மூஞ்சிதான் அந்த மனுசனை வரவிடுதில்லை."

"நான் என்னப்பா செய்தனான்? சும்மாதானே நிக்கிறன்."

"நீங்கள் சும்மா நிக்கிறதுதான் பெரிய சத்தமாக் கிடக்கு. போங்கோ."

கனகசூரியம் போனார். போன கையோடு திரும்பி எட்டிப் பார்த்து, ஒரு கேக் தட்டு அடுக்கில் தோளால் இடித்தார். பதினெட்டுக் கேக் முகம் குப்புறக் கிடந்தது. பிறகு யோகாம்பிகை மணியைப் பார்த்தாள், அடுப்பைக் கூட்டினாள், பாலாடைக்கட்டியை எடுத்தாள், யாங்கெலின் முன் முட்டைத் தட்டுகளை வைத்தாள். வெந்து ஆற நேரம் இல்லை, வெந்தாலே போதும் என்று கணக்குப் போட்டாள். கோஷர் அடுப்படியில் முட்டையை நேரே மாவில் உடைக்க முடியாது. ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, இல்லாவிட்டால்தான் சட்டிக்குப் போகும். யாங்கெல் உடைத்துக் கொடுத்தார், அவள் அடித்தாள், ஊற்றினாள், அடுப்பில் தள்ளினாள். சர்க்கரை குறைந்தது, கலந்தாள். எலுமிச்சைத் தோல் தீர்ந்தது, சுரண்டினாள். வெளியே கூட்டம் ஏன் சத்தம்போடுகிறது என்று அவள் கேட்கவில்லை. கூட்டத்தை அமைதிப்படுத்த யாங்கெல் வெளியே போனதையும் கவனிக்கவில்லை. சான்றிதழ் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியாது. பதினெட்டுக் கேக் என்று ஒன்றுதான் தெரியும்.

அவள் திரும்பிப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டினாள். டம்ளர் வரவில்லை.

"தம்பி, கெதியா உடைச்சுத் தா" என்றாள் தமிழில். அடுப்படியில் அவள் யாங்கெலோடு தமிழில்தான் பேசுவாள், இத்தனை வருடத்தில் அவருக்கு அது பழகியிருந்தது.

ஒரு முட்டை உடையும் சத்தம் கேட்டது. டம்ளர் கைக்கு வந்தது. ஊற்றினாள். அடுத்தது வந்தது. ஊற்றினாள். கை வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"வெளிச்சத்தில பிடி. சும்மா மேலால பாக்காமல் சரிச்சுப் பார்."

அவளுக்குப் பின்னால் நின்றவருக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்தத் தொனி தெரியும். இருபத்திரண்டு வருடங்களாக அடுப்படி அடுப்படியாகப் போய் அவர் மற்றவர்களிடம் பேசிய தொனி. அவர் டம்ளரை விளக்குக்கு நேரே உயர்த்திச் சரித்துப் பார்த்தார். ஏழு முட்டை போனது. எட்டாவதை நீட்டியபோது அவள் வாங்கி, ஊற்றப் போய், நிறுத்தி, தானும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சள் கருவின் ஓரத்தில், குண்டூசியின் நுனியளவு, ஒரு சிவப்பு. அவள் அதைத் தொட்டியில் கொட்டி, டம்ளரைக் கழுவி ஒதுக்கிவிட்டு வேறு டம்ளர் எடுத்தாள்.

"உனக்கென்ன கண் குருடே? இதைப் போட்டிருந்தால் மூன்று கேக்கும் போச்சு. யார் தின்னுற சாமான் எண்டு நினைச்சு..."

திட்டி முடிக்க நிமிர்ந்தவள், எதிரே வீட்டுச் செருப்போடு, தாடியில் முட்டை வெள்ளையோடு, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டபடி ரபி ஃபிஷல் நிற்பதைக் கண்டாள். டம்ளர் அவள் கையிலேயே இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது, உள்ளே அவருடைய வீட்டு மேசையில் பண்டிகை விரிப்பு விரித்திருந்தது தெரிந்தது.

"நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

தமிழில்தான் கேட்டாள். இந்தக் கேள்வி அவர் காதில் ஆங்கிலத்தில் விழுந்திருக்கிறது, பிரெஞ்சில், யிடிஷில், ரஷ்ய மொழியில், ஒரு தடவை போர்த்துக்கேய மொழியில். எந்த மொழியானாலும் கேட்பவரின் வாய் இப்படித்தான் பாதி திறந்திருக்கும். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கையை ஏப்ரனில் துடைத்தார், அது யாங்கெலின் ஏப்ரன். மூன்று மாதமாகச் சட்டைப்பையில் இருந்து மடிப்பு அறுந்துபோன சான்றிதழ்க் காகிதத்தை எடுத்து, வெறும் முட்டைத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் விரித்து, திகதியையும் நேரத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டார். எழுதிய பேனாவை மேற்பையில் செருகிவிட்டு, ஒரு சுத்தமான டம்ளரை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"இன்னும் எத்தனை முட்டை இருக்கிறது?" என்று கேட்டார்.